சத்திரத்துக் கூடமும் என் புளி மூட்டைகளும்



நம் காஞ்சிபுரத்தில் ராஜ வீதிகளுக்குச் சற்றுத் தள்ளி ஒரு பழைய சத்திரம் இருக்கிறது. அதன் பெயரை இங்கே நான் எழுதவில்லை. எழுதினால் பேச்சு பெயரைப் பற்றியதாகிவிடும், பொருள் காணாமல் போய்விடும். நம் சங்கத்தில் பலருக்கு அது எது என்று சொல்லாமலே தெரியும். முன்பக்கம் ஒன்பது கடைகள். நடுவில் இரட்டை மாட்டு வண்டி நுழையும் அளவுக்கு அகலமான வாசல். உள்ளே முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், ஒரு கிணறு, பின்னால் மாடு கட்டும் கொட்டகை, அதற்கும் பின்னால் கோட்டை அடுப்புகள் கொண்ட சமையல் கட்டு. வாசலுக்கு மேலே தர்மம் செய்தவர் பெயர் பொறித்த கல். சுண்ணாம்பு அடித்து அடித்து எழுத்து மறைந்துவிட்டது.

இந்தக் கட்டடத்தை இடித்துவிட்டு மூன்று அடுக்கு வணிக வளாகம் கட்டலாம் என்ற பேச்சு சில மாதங்களாக நடக்கிறது. நம் வியாபாரிகளில் பாதிப் பேர் 'ஆகட்டும், நமக்கும் கடை கிடைக்கும்' என்கிறார்கள். மறுபாதி 'இருக்கிற வாடகைக்கே இருந்துவிட்டுப் போவோம், தொடாதீர்கள்' என்கிறார்கள். இரண்டு பக்கமும் சேராத என் கருத்தைச் சொல்லவே இந்தக் கட்டுரை. நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன். பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

சத்திரம் என்றால் என்ன?

இன்றைய பிள்ளைகளுக்குச் சத்திரம் என்றால் கல்யாண மண்டபம் என்றுதான் தெரியும். அந்தக் காலத்தில் சத்திரம் என்பது வழிப்போக்கன் உடம்பைச் சாய்த்து, ஒரு வேளை சோறு உண்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, மறுநாள் விடியலில் புறப்படும் இடம். மாட்டு வண்டி ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து மைல்தான் போகும். சென்னைப் பட்டணத்திலிருந்து காஞ்சிக்கு வர மூன்று நாள் ஆகும். ஆகவே வழி நெடுக சத்திரங்கள் இருந்தன.

ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டினால் சுங்குவார்சத்திரம். இந்தப் பக்கம் வேலூர் சாலையில் போனால் பாலுசெட்டிசத்திரம். தெற்கே நமக்குக் காய்கறி அனுப்பும் ஒட்டன்சத்திரம். திருச்சியில் இறங்கினால் சத்திரம் பேருந்து நிலையம். எத்தனை ஊர்களுக்குச் சோறு போட்ட கட்டடத்தின் பெயரே ஊர்ப் பெயராக நின்றுவிட்டது! வேறு எந்த வகைக் கட்டடத்துக்கும் இவ்வளவு பெருமை கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

காஞ்சிக்குச் சோறு போடும் பெருமை இன்னும் பழையது. மணிமேகலைக் காப்பியத்தில், பஞ்சத்தில் வாடிய காஞ்சி மாநகருக்கு வந்துதான் மணிமேகலை அமுதசுரபியால் பசி தீர்க்கிறாள். கதையே ஆனாலும், பசித்தவன் தேடி வரும் ஊராகவும் பசி தீரும் ஊராகவும் நம் ஊரைக் காட்டியிருக்கிறார்கள்.

மன்னர்களும் இதைச் செய்தார்கள். மதுரையில் ராணி மங்கம்மாள் கட்டிய சத்திரம் இன்றும் ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரோடு இருக்கிறது. வடக்கே ஷேர்ஷா பாதை நெடுகிலும் சராய்கள் கட்டினார். தஞ்சை மராட்டிய மன்னர்கள் ராமேசுவரம் போகும் வழியெல்லாம் சத்திரம் வைத்தார்கள். 1801-ல் இரண்டாம் சரபோஜி மன்னர் தஞ்சையில் இருந்த கும்பெனி ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். ராஜ்யம் கை மாறிவிட்டது, சத்திரங்களையாவது என் பொறுப்பில் விடுங்கள் என்பது அதன் சாரம். அங்கே என்ன நடக்கிறது என்பதையும் விவரித்தார். எல்லாச் சாதி வழிப்போக்கருக்கும் சோறு உண்டு. நடு இரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் உண்டா என்று அழைப்பார்கள். குழந்தைகளுக்குப் பால் உண்டு. நோயாளிக்கு வைத்தியம் உண்டு. வழியில் இறந்துபோனால் அவரவர் வழக்கப்படி அடக்கமும் உண்டு. மறு வருடம், 1802-ல், ஒரத்தநாட்டில் முத்தம்மாள் சத்திரம் எழுந்தது. அந்த மன்னர் காலத்திலேயே அங்கே பாடசாலையும் நடந்தது.

ராஜ்யத்தை இழந்த ஒரு மன்னர் கடைசியாகக் கையேந்திக் கேட்டது சத்திரத்தை! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

குறையையும் மறைக்கக் கூடாது. எல்லாச் சத்திரமும் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. ஒரு சாராருக்கு உள்ளே இலை, மற்றவருக்கு வெளியே திண்ணை, இன்னும் சிலருக்கு அந்தத் தெருவுக்குள்ளேயே வர அனுமதி இல்லை என்ற கொடுமை நம் பக்கத்திலும் இருந்தது. 1955-ல் வந்த தீண்டாமை ஒழிப்புச் சட்டம் தர்மசாலை, சராய், முசாபர்கானா என்று பெயர் சொல்லியே அந்தக் கதவுகளைத் திறக்கச் சொன்னது. பழைய சத்திரத்தைத் திரும்பத் திறப்பதென்றால் அந்தப் பழைய பூட்டு இல்லாமல்தான் திறக்க வேண்டும்.

ரயில் வந்தது, வண்டி நின்றது

1856-ல் சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ரயில் ஓடத் தொடங்கியது. 1865-ல் அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்குக் கிளைப் பாதை போட்டார்கள். மூன்று நாள் பயணம் ஒரே நாளில் முடிந்தது. வழிச் சத்திரங்களில் அடுப்பு அணையத் தொடங்கியது அன்றுதான். ஊருக்குள் இருந்த சத்திரங்கள் யாத்திரிகர்களால் இன்னும் சில காலம் பிழைத்தன.

இது நம் நாட்டுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இங்கிலாந்தில் ஜார்ஜ் மன்னர்கள் காலத்தில் குதிரைக் கோச்சு வண்டிகள் தங்கும் விடுதிகள் சாலை நெடுகிலும் இருந்தன. அங்கும் நம் சத்திரம் போலவே வண்டி நுழையும் பெரிய வளைவு, நடுவில் முற்றம், பின்னால் லாயம். 1784-ல் தபால் கோச்சு வந்த பிறகு அந்த விடுதிகளுக்கு நல்ல காலம். 1830-க்குப் பிறகு ரயில் பாதைகள் பெருகியதும் வீழ்ச்சி. சில ஓட்டல் ஆயின, சில கடை ஆயின, சில இடிந்தன. லண்டனில் சதர்க் பகுதியில் ஜார்ஜ் இன் என்று ஒரு பழைய விடுதி உண்டு. 1677-ல் கட்டியது. ரயில் கம்பெனி அதை வாங்கிக் கிடங்காக வைத்து, 1889-ல் பெரும் பகுதியை இடித்துவிட்டது. மிச்சம் இருந்த ஒரு பக்கம் 1937-ல் தேசிய அறக்கட்டளை ஒன்றின் கைக்குப் போய், இன்றும் சாப்பாட்டுக் கடையாக வியாபாரம் நடக்கிறது. கட்டடத்தை வேலையில் வைத்துக்கொண்டே காப்பாற்றியிருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பூட்டி வைத்த கட்டடத்தை முதலில் கரையானும், பிறகு வக்கீலும் தின்றுவிடுவார்கள்.

நம் பக்கமும் நல்ல உதாரணங்கள் உண்டு. 1782-ல் ஹைதர் அலி யுத்தத்தால் சென்னையில் பஞ்சம் வந்தபோது கஞ்சி ஊற்ற ஒரு சத்திரம் வைத்தார்கள். மணியக்காரர் பொறுப்பில் இருந்ததால் மணியக்காரர் சத்திரம் என்று பெயர். கஞ்சிக்கு வந்தவர்களில் நோயாளிகள் இருந்தார்கள். அவர்களுக்கு வைத்தியம் பார்க்க 1799-ல் ஓர் ஆஸ்பத்திரி வந்தது. அதுதான் வளர்ந்து இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரி. வடசென்னைப் பெரியவர்கள் இன்றும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்வார்கள். உபயோகம் மாறியது, தர்மம் மாறவில்லை.

இன்னொன்று நம் ஊரோடு சம்பந்தப்பட்டது. வள்ளல் பச்சையப்ப முதலியார் 1794-ல் காலமானார். கோயில் திருப்பணி, அன்னதானம் முதலிய தர்மங்களுக்குப் பெரும் செல்வத்தை விட்டுச் சென்றார். வழக்கு நடந்தது, பணம் வட்டியோடு பெருகியது. ஜார்ஜ் நார்ட்டன் என்ற வழக்கறிஞரின் முயற்சியால் தர்மச் செலவு போக மீதி கல்விக்கு என்று முடிவாயிற்று. 1842-ல் சென்னையில் பள்ளிக்கூடம் திறந்தார்கள். பிறகு நம் ஊரிலும் பச்சையப்பன் பள்ளி வந்தது. அந்தப் பள்ளியில் படித்த நெசவாளர் வீட்டுப் பிள்ளை ஒருவர் பிற்காலத்தில் முதலமைச்சர் ஆனார். அறிஞர் அண்ணாவைத்தான் சொல்கிறேன். வழிப்போக்கனுக்குச் சோறாகப் போக வேண்டிய பணத்தின் மீதி, ஊர்ப் பிள்ளைகளுக்குப் படிப்பாகப் போயிற்று. யாரும் குறை சொல்ல முடியுமா?

பேட்டையும் மகமையும்

மன்னர், வள்ளல் கதை போதும். வியாபாரி கதைக்கு வருவோம்.

தெற்கே விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, திருமங்கலம் முதலிய ஊர்களில் நாடார் வியாபாரிகள் பேட்டை என்று வைத்திருந்தார்கள். சுற்றுச்சுவர் கட்டிய பெரிய இடம். இரவில் கள்ளர் பயம். ஆகவே சரக்கு வண்டிகள் உள்ளே வந்து தங்கும். மாடுகள் இளைப்பாறும், வண்டிக்காரன் சமைத்துச் சாப்பிடுவான். அங்கே தங்கவும் சரக்கு இறக்கவும் ஒரு சிறு தொகை. அதுதான் மகமை. விற்கிற சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரி தானே மனமுவந்து எடுத்து வைத்த பணம். அந்தப் பணத்தில் கோயில் கட்டினார்கள், கிணறு வெட்டினார்கள். விருதுநகரில் மகமையும் வீட்டுக்கு வீடு எடுத்த பிடி அரிசியும் சேர்ந்து க்ஷத்திரிய வித்யாசாலையை நடத்தின. பெருந்தலைவர் காமராஜர் படித்தது அங்கேதான்.

பிற்காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டவர், வியாபாரிகளின் மகமையில் நடந்த பள்ளியில் படித்தவர். இந்தக் கணக்கை எந்தப் பேரேட்டில் எழுதுவது? வரவில் எழுதுவதா, செலவில் எழுதுவதா?

நம் காஞ்சிக் கடைத்தெருவிலும் மகமை இருந்தது. என் தகப்பனார் காலத்துக் கணக்கு நோட்டுகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. பிள்ளையார் சுழிக்குக் கீழே, அன்றைய முதல் வரவுக்கு முன்பே 'மகமை' என்று ஒரு வரி. காலணா, அரையணாதான். ஆனால் ஒரு நாளும் விட்டதில்லை. பிறகு நயா பைசாவில் எழுதியிருக்கிறார். 1970-களின் நடுவில் ஒரு பக்கத்தோடு அந்த வரி நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று அவரிடம் நான் கேட்டதில்லை. அந்த ஆண்டில்தான் நானும் கடையில் உட்கார ஆரம்பித்தேன்.

எங்கள் சத்திரத்தின் கதை

என் தகப்பனார் உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து நெல்லும் மிளகாயும் வண்டியில் ஏற்றிக்கொண்டு காஞ்சிக்கு வருவார். தங்குவது இந்தச் சத்திரத்தில்தான். அப்போதே இலவசச் சோறு பெயரளவுக்குத்தான் இருந்தது. யுத்த காலத்து அரிசிக் கட்டுப்பாட்டில் அடுப்பு பாதி அணைந்துவிட்டதாம். சத்திரத்துக்கு நஞ்சை நிலம் உண்டு. குத்தகை நெல்தான் அடுப்புக்கு ஆதாரம். 1950-களிலும், பொது அறக்கட்டளை நிலங்களுக்கென்றே 1961-லும் குத்தகைச் சட்டங்கள் வந்தன. உழுதவனுக்குப் பாதுகாப்பு வேண்டியதுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சத்திரத்துக்கு வந்த நெல் குறைந்தது. நிர்வாகம் வேறு வழி தேடியது. முன்பக்கத் திண்ணைகளை அடைத்துக் கடைகளாக்கி வாடகைக்கு விட்டது. திண்ணையில் படுத்த என் தகப்பனார் அதே திண்ணையில் கடை போட்டார். எங்கள் குடும்பம் தலையெடுத்தது அங்கேதான்.

பிறகு நடந்ததை நானே பார்த்திருக்கிறேன். மாட்டுக் கொட்டகை சைக்கிள் ஸ்டாண்டு ஆயிற்று. உள் கூடத்தில் முகூர்த்த நாட்களில் கல்யாணம் நடந்தது. என் அக்காள் கல்யாணமும் அங்கேதான். ஏ.சி. மண்டபங்கள் வந்ததும் கல்யாணம் நின்றது. சில ஆண்டு லாரி புக்கிங் ஆபீஸ். சில ஆண்டு ரேஷன் சரக்கு. சில ஆண்டு ஜரிகைப் பெட்டிகள். கடைசியில் சமையல் கட்டு ஓடு சரிந்து விழுந்தது. உள்ளே யாரும் தங்கக் கூடாது என்று நிர்வாகம் பூட்டிவிட்டது.

பூட்டியது தங்க வருபவர்களுக்குத்தான். நமக்கு இல்லை.

இப்போது என் குற்றத்தைச் சொல்கிறேன். பூட்டிய கூடத்தில் பாதியை 'தற்காலிகமாகக் கொஞ்சம் சரக்கு வைத்துக்கொள்கிறேன்' என்று கேட்டு வாங்கியவன் நான். மாதம் 350 ரூபாய் வாடகை. அந்தத் தற்காலிகம் இருபத்திரண்டு வருடம் நீடித்தது. புளி மூட்டை, வெல்லச் சிப்பம், பிண்ணாக்கு எல்லாம் அங்கேதான். எனக்கு மட்டுமல்ல, அந்த ஒன்பது கடைகளில் பலருக்கும் இதே கதைதான். சிலர் பழைய வாடகையை நிர்வாகத்துக்குக் கட்டிவிட்டு, உள்வாடகைக்கு வேறு ஆளிடம் பல மடங்கு வாங்குகிறார்கள். நியாய வாடகை என்று பேச்செடுத்தால் 'வணிகர் வயிற்றில் அடிக்காதே' என்று கொடி பிடிக்கிறோம். அப்படிக் கொடி பிடித்தவர்களில் நானும் ஒருவன்.

ஒரேயடியாகப் பத்து மடங்கு, இருபது மடங்கு உயர்த்தி, பின் தேதியிட்டுப் பாக்கி கேட்பது அநியாயம்தான். அதை எதிர்க்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் ஒரு மூட்டை துவரம்பருப்பு விலை எத்தனை தரம் ஏறிவிட்டது, வாடகை மட்டும் அப்படியே நிற்க வேண்டும் என்று கேட்பது எந்தத் தராசில் நியாயம்? ஒன்பது கடைக்கு மாதம் 350 என்றால் மொத்தம் 3,150 ரூபாய். ஓடு மாற்றும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் இரண்டு நாள் கூலிக்குக்கூடத் தேறுமா என்பது சந்தேகம். சத்திரம் தானாக இடியவில்லை. நம் வாடகையில் இடிந்தது.

2019-ல் கற்ற பாடம்

2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை அத்தி வரதர் எழுந்தருளியிருந்ததை யாரும் மறக்க முடியாது. 1939, 1979-க்குப் பிறகு அதுதான். ஒரு கோடிக்கும் மேல் மக்கள் வந்தார்கள். ஊருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்கள். உள்ளே வண்டி விடவில்லை. சரக்கு எடுத்து வரவே இரவு நேரம் பார்க்க வேண்டியிருந்தது.

ஒரு நாள் இரவு பதினொரு மணிக்குக் கடையைக் கட்டிக்கொண்டிருந்தேன். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து ஒரு கிழவி, மகள், மகளின் கைக்குழந்தை. கிழவிக்கு எழுபத்தைந்து வயதாவது இருக்கும். கால் வீங்கியிருந்தது. கிழவி கேட்டாள்:

"ஐயா, முன்னே எழுபத்தொன்பதுல என் வீட்டுக்காரரோட வந்தப்ப இங்க ஒரு சத்திரத்துல படுத்திருந்தோம். வண்டி உள்ள போற மாதிரி பெரிய வாசல் இருக்கும். அது எந்தப் பக்கம் ஐயா?"

கிழவி நின்று கேட்டது அந்த வாசலுக்கு முன்னால்தான். சாவி என் இடுப்பில் இருந்தது. உள்ளே கூடம் நிறைய என் புளி மூட்டை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் இப்போ இல்லம்மா" என்றேன்.

அவர்கள் என் கடைப் படியிலேயே படுத்துக்கொண்டார்கள். குழந்தைக்குப் பால் வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்தபோது அவர்கள் இல்லை. படியைக் கூட்டிச் சுத்தமாகத் தண்ணீர் தெளித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அந்த 48 நாளில் நம் சங்கத்தார் பலர் தண்ணீரும் மோரும் கொடுத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் படுக்க இடம்? எத்தனை குடும்பம் நடைபாதையில் படுத்தது, எத்தனை பெண்கள் கழிப்பறை இல்லாமல் திண்டாடினார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அடுத்த வருடம், 2020-ல், ஊரடங்கின்போது வெளிமாநிலத் தொழிலாளிகள் சொந்த ஊர் போக வழியில்லாமல் தவித்ததை நாடே பார்த்தது. சத்திரம் என்று பெயர் வைத்த ஊர்கள் எத்தனையோ இருக்கின்றன, கதவைத் திறக்கும் சத்திரம்தான் குறைந்துவிட்டது.

என்ன செய்யலாம்?

இடித்து வளாகம் கட்டினால் நமக்கு நாற்பது கடை வரும் என்கிறார்கள். வரட்டும். அட்வான்சு எவ்வளவு, வாடகை எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். அந்த வாடகை கட்டும் சக்தி மளிகைக்காரனுக்கு இருக்காது. நகைக்கடையும் செல்போன் கடையும்தான் வரும். இடித்தால் நாமும் வெளியே, வழிப்போக்கனும் வெளியே. அதே சமயம், இன்றிருப்பது போலவே விட்டால் பத்து வருடத்தில் ஓடு எல்லாம் நம் தலையில் விழும். ஆகவே நடுவழி ஒன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, முன்பக்கக் கடைகள் கடைகளாகவே இருக்கட்டும். வாடகையை நாமே முன்வந்து உயர்த்திக் கொடுப்போம். மூன்று வருடத்துக்கு ஒரு முறை இவ்வளவு என்று எழுதி வைத்துக்கொள்வோம். உள்வாடகை கூடாது. உயர்த்திய வாடகை கட்டடப் பழுதுக்கே செலவாக வேண்டும் என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்போம். சும்மா கேட்டால் கொடுக்க மாட்டார்கள். கொடுத்துவிட்டுக் கேட்டால் மறுக்க முடியாது.

இரண்டாவது, உள் கூடத்தை வழிப்போக்கருக்குத் திறப்போம். பழையபடி மூன்று நாள் தங்கலாம் என்ற விதியோடு. பெண்களுக்குத் தனி அறை, கழிப்பறை, குடிதண்ணீர், படுக்கப் பாய். இவ்வளவு போதும். கோயிலுக்கு வரும் ஏழைகள், கூட்டுறவுச் சங்கத்துக்குச் சேலை கொண்டுவரும் வெளியூர் நெசவாளிகள், ஆஸ்பத்திரிக்கு ஆள் கூட்டி வருபவர்கள், நமக்கே சரக்கு கொண்டுவந்து லாரிக்கு அடியில் படுக்கும் டிரைவரும் கிளீனரும், எல்லோருக்கும் பயன்படும்.

மூன்றாவது, மகமை. மூட்டைக்கு ஒரு ரூபாய். நம்மில் நூறு கடைகள் நாளைக்கு இருபது மூட்டை விற்பதாக வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 2,000 ரூபாய், மாதம் 60,000 ரூபாய். கூட்டிப் பெருக்க ஆள், இரவுக் காவல், மின்சாரம், காலையில் ஒரு அண்டா கஞ்சி, எல்லாவற்றுக்கும் கட்டும். இதைப் பில்லில் சேர்க்க வேண்டாம். வாடிக்கையாளர் தலையில் கட்டினால் அது மகமை ஆகாது, ஜி.எஸ்.டி. கணக்கிலும் சிக்கல் வரும். நம் லாபத்தில் எடுத்துத் தனி ரசீது போட்டுக் கட்டுவோம்.

இதற்கு வரக்கூடிய ஆட்சேபங்களையும் சொல்லிவிடுகிறேன்.

குடிகாரரும் சோம்பேறிகளும் வந்து உட்கார்ந்துகொள்வார்கள் என்பார்கள். பெயர், ஊர் எழுதும் நோட்டும், மூன்று நாள் விதியும், காவலாளியும் எதற்கு இருக்கின்றன? நம் கடைக்கும் கடன் சொல்லி ஏமாற்றுபவர்கள் வருகிறார்கள். அதற்காகக் கடையை மூடிவிட்டோமா?

லாட்ஜ் வைத்திருக்கும் நம் அங்கத்தினர்கள் வியாபாரம் கெடும் என்பார்கள். லாட்ஜுக்குப் பணம் கொடுக்கக்கூடியவர் சத்திரத்துக்கு வரமாட்டார். சத்திரத்துக்கு வருபவருக்கு லாட்ஜ் எட்டாது. என் கடைப் படியில் படுத்த கிழவியால் எந்த லாட்ஜுக்கும் நஷ்டம் இல்லை.

இதெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டியது, நாம் வரி கட்டுகிறோமே என்பார்கள். உண்மை. அரசாங்கம் செய்யட்டும், நாமும் கேட்போம். ஆனால் நம் சாவியை வைத்துத் திறக்க வேண்டிய கதவை அரசாங்கம் எப்படித் திறக்கும்?

முடிவாக

இதைப் படிக்கும் சில நண்பர்கள் 'வயதான காலத்தில் இவருக்குத் தர்ம சிந்தனை வந்துவிட்டது, முதலில் அவர் மூட்டையை எடுக்கட்டும்' என்பார்கள். சரியான கேள்வி. கூடத்தில் இருந்த என் சரக்கில் முக்கால் பங்கை இந்த மாதம் வேறு கிடங்குக்கு மாற்றிவிட்டேன். அங்கே வாடகை 9,000 ரூபாய். என் மகனுக்கு இதில் வருத்தம்தான். "அப்பா, நாம மட்டும் எடுத்தா பக்கத்துக் கடைக்காரர் அந்த இடத்துலயும் மூட்டை அடுக்கிடுவாரு" என்கிறான். அவன் சொல்வது நடக்கலாம். அதனால்தான் தனியாகச் செய்யாமல் சங்கத்தின் முன் வைக்கிறேன். மிச்ச மூட்டைகள் தை பிறப்பதற்குள் போய்விடும். சாவியை நிர்வாகத்திடம் கொடுப்பதா, சங்கத் தலைவரிடம் கொடுப்பதா என்பதை அடுத்த பொதுக்குழு தீர்மானிக்கட்டும்.

கணக்கு நோட்டில் என் தகப்பனார் விட்ட இடத்தில் மகமை வரியை மறுபடி எழுத ஆரம்பித்திருக்கிறேன். முதல் நாள் 14 மூட்டை, 14 ரூபாய். பிள்ளையார் சுழிக்குக் கீழே, முதல் வரவுக்கு முன்பு.

அத்தி வரதர் மறுபடி எழுந்தருள்வது 2059-ல். நான் இருக்க மாட்டேன். நம் பேரப்பிள்ளைகள் கடையில் இருப்பார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு கிழவி வந்து 'சத்திரம் எந்தப் பக்கம்?' என்று கேட்டால் அவர்கள் கை காட்ட ஓர் இடம் இருக்க வேண்டும். அங்கத்தினர்கள் தங்கள் கருத்துகளைத் தவறாமல் எழுத வேண்டுகிறேன்.

வணிகர் ஒற்றுமை வாழ்க!

— மொத்த மளிகை வியாபாரி ஒருவர், காஞ்சிபுரம்